உருகாத கல் கரைவது எப்படி?
தீச்செங்கல் அரிமானமும் நிலைமை வரைபடமும்

எஃகாலைகளில் உருகிய எஃகைச் சுமந்து செல்லும் பெருங்கொப்பரையின் புற ஓடும் எஃகினால் ஆனதே. உள்ளே ததும்பும் உலோகத்தின் வெப்பநிலை 1600 டிகிரி செல்சியஸ். புற ஓட்டின் எஃகோ ஏறத்தாழ 1500 டிகிரியிலேயே உருகிவிடக்கூடியது. ஆயினும் ஓடு உருகுவதில்லை. கொப்பரையின் அருகே மனிதர்கள் நின்று பணியாற்றுகின்றனர். உள்ளிருக்கும் நெருப்புக்கும் வெளியிலிருக்கும் உயிர்களுக்கும் இடையே அரணாக நிற்பது ஓட்டின் உட்புறத்தில் அடுக்கப்பட்ட ஒரு செங்கற் சுவர்தான்.

அந்தச் சுவர் நாளுக்கு நாள் மெலிகிறது. குறித்த காலத்தில் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியாக வேண்டும். காலம் தவறினால் உருகிய எஃகு சுவரைத் துளைத்து வெளியேறும். அப்போது நேரும் இழப்பு கல்லும் உலோகமும் மட்டுமன்று. உலகில் உற்பத்தியாகும் வெப்பந்தாங்கு பொருட்களில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தை எஃகுத் தொழில் ஒன்றே விழுங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்து நோக்கினால், 'சுவர் ஏன் மெலிகிறது?' என்ற வினா எத்துணை கனமானது என்பது விளங்கும்.

வினா எளிது போலத் தோன்றினும் விடை அவ்வளவு எளிதன்று. சுவர் கட்டப் பயன்படும் மக்னீசியா 2800 டிகிரியில்தான் உருகும். அலுமினாவின் உருகுநிலை ஏறத்தாழ 2050 டிகிரி. உலையின் வெப்பமோ 1600, மிஞ்சினால் 1700. உருகுநிலையை எட்டாத வெப்பத்தில் கல் அழிவது எவ்வாறு? இதற்கு விடை தருவது வேதியியலார் 'நிலைமை வரைபடம்' என்று குறிப்பிடும் ஒரு சித்திரமாகும். அதை வாசிக்கும் முறையையும், அது உலைச்சுவரைக் காத்த விதத்தையும், அதன் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

உருகுதல் வேறு, கரைதல் வேறு

சர்க்கரையை நீரிலிட்டால் அது மறைந்துவிடுகிறது. சர்க்கரை உருகுவதற்குத் தேவையான வெப்பம் அந்த நீரில் இல்லை. எனவே அது உருகவில்லை, கரைந்தது. உலைச்சுவருக்கு நேர்வதும் இதுவே. உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கசடு, நம் முன்னோர் 'சிட்டம்' என்று வழங்கியது, சுண்ணாம்பு, மணற்சத்து, இரும்பு ஆக்சைடு முதலியவற்றின் உருகிய கலவையாகும். அந்தக் கசட்டில் சுவர் சிறிது சிறிதாகக் கரைகிறது.

இரண்டு பொருட்கள் கூடும்போது தனித்தனியே அவற்றுக்குரிய உருகுநிலை செல்லுபடியாவதில்லை. பனிக்கட்டி பூஜ்ஜியம் டிகிரியில் உருகும். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு உப்பு கலந்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 21 டிகிரிக் குளிரிலும் அக்கலவை நீர்மமாகவே இருக்கும். பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும் பற்றாசும் இந்த இயல்பைக் கொண்டே செயல்படுகிறது. தங்கத்தோடு பிற உலோகங்களைச் சேர்த்து ஆக்கிய பற்றாசு, நகை உருகுவதற்கு முன்பே உருகி இணைப்பில் பாய்ந்துவிடுகிறது.

உலைக்குள்ளும் இதே விதிதான். சுண்ணாம்பு உருக ஏறத்தாழ 2600 டிகிரி வேண்டும். தூய மணற்சத்தாகிய சிலிக்கா உருக ஏறத்தாழ 1720 டிகிரி வேண்டும். இவ்விரண்டும் தக்க விகிதத்தில் கூடினால் 1440 டிகிரி அளவிலேயே நீர்மமாகிவிடுகின்றன. அலுமினாவும் மூன்றாவதாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 1170 டிகிரியே போதும். தனியே நின்றால் நெருப்பை எதிர்க்கும் மூன்று கற்கள், கூடிவிட்டால் ஒன்றையொன்று உருக்கிவிடுகின்றன. ஆகவே ஒரு செங்கல்லின் உறுதியைக் கணிப்பதற்கு அதன் உருகுநிலையை மட்டும் கேட்பது போதாது. அது எதனோடு கூடி நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கைப்பழக்கம் அறிந்திருந்தவை

வரைபடம் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே கைவினைஞர்கள் இந்த உண்மையோடு பழகியிருந்தனர். மேற்காசியக் கண்ணாடித் தொழிலாளர் உவர்நிலச் செடிகளைச் சுட்ட சாம்பலை மணலோடு கலந்து உருக்கினர். அந்தச் சாம்பலுக்கு அரபியர் வழங்கிய 'அல்கலீ' என்ற பெயரே பின்னர் ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' ஆயிற்று. மணலோடு சோடா நாலில் ஒரு பங்கு அளவு சேர்ந்தால் 800 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக உருகும் நீர்மம் பிறந்துவிடுகிறது. கண்ணாடி செய்பவருக்கு அது வரம். ஆனால் அதே காரம் உலைச்சுவரின் மணற்சத்தைத் தீண்டினால் அதுவே சாபமாகிறது.

எஃகுத் தொழிலின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூல் இயற்றி, அவற்றின் வகைகளை விளக்கினார். 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி மூசையில் எஃகு ஆக்கும் முறையை எழுதிவைத்தார். இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மூசை எஃகுப் பட்டறை அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. தென்னிந்தியாவிலும் நெல் உமி பிசைந்த களிமண் மூசைகளில் உயர்தர எஃகு ஆக்கப்பட்டது. எஃகு உருகும் வெப்பத்தில் தான் உருகாமல் நிற்கும் மண் எது என்பதைத் தேர்ந்தெடுத்த அந்தக் கைகளுக்கு ஆழ்ந்த அறிவு இருந்தது. எனினும் அது அந்தந்த மண்ணோடும் பட்டறையோடும் கட்டுண்ட அறிவு. மண் மாறினால் தொடக்கத்திலிருந்தே சோதித்தறிய வேண்டும். அதை எந்த மண்ணுக்கும் பொருந்தும் கணக்காக மாற்றியதே நிலைமை வரைபடத்தின் பணி.

வரைபடத்தை வாசிக்கும் முறை

அமெரிக்க அறிஞர் வில்லார்ட் கிப்ஸ் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ஆய்வுரையில், பல பொருட்கள் சமநிலையில் இருக்கும்போது எத்தனை நிலைமைகள் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்குரிய விதியை வகுத்தார். திண்மம், நீர்மம் போன்றவற்றையும், ஒன்றினின்று ஒன்று வேறுபட்ட படிக வகைகளையுமே இங்கு 'நிலைமைகள்' என்கிறோம். அவ்விதியைப் பாறைகளுக்கும் ஆக்சைடுகளுக்கும் பொருத்திப் பார்த்த பெருமை, வாஷிங்டனில் 1905இல் தோன்றிய கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தைச் சாரும்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. அளந்து கலந்த பொடியைப் பிளாட்டினத் தகட்டில் பொதிந்து, குறித்த வெப்பநிலையில் நெடுநேரம் வைத்திருப்பர். பின்னர் அதைச் சட்டென்று குளிர வைப்பர். அந்த வெப்பநிலையில் நீர்மமாக இருந்த பகுதி கண்ணாடியாக உறைந்துவிடும். திண்மமாக இருந்த பகுதி படிகமாகவே நிற்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் எது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு சோதனையும் வரைபடத்தில் ஒரு புள்ளி. ராங்கின், ரைட் ஆகிய இருவரும் 1915இல் வெளியிட்ட சுண்ணாம்பு, அலுமினா, சிலிக்கா வரைபடம் இவ்வாறு எண்ணற்ற புள்ளிகளால் கோத்தெடுக்கப்பட்டதாகும்.

இரு பொருள் வரைபடத்தில் கிடைக்கோடு இயைபைக் காட்டும். இடக்கோடியில் முதற்பொருள் முழுமையாகவும், வலக்கோடியில் இரண்டாம் பொருள் முழுமையாகவும் இருக்கும். செங்குத்துக் கோடு வெப்பநிலையைக் காட்டும். நடுவே வளைந்து செல்லும் நீர்மக்கோட்டுக்கு மேலே எல்லாம் உருகிய நிலை. அதற்குக் கீழே நீர்மமும் திண்மமும் கலந்த நிலை. அதனினும் கீழே முற்றிலும் திண்மம். இருபுறமிருந்தும் சரிந்து வரும் நீர்மக்கோடுகள் சந்திக்கும் பள்ளத்தை 'யூடெக்டிக்' என்பர். 'எளிதில் உருகுவது' என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

நீர்மமும் திண்மமும் கலந்த பகுதியில் எது எவ்வளவு என்பதை அறியத் துலாக்கோலின் கணக்கே போதுமானது. கலவையின் இயைபு துலாக்கோலைத் தாங்கும் புள்ளி. ஒரு முனையில் திண்மத்தின் இயைபும், மறுமுனையில் நீர்மத்தின் இயைபும் நிற்கின்றன. தாங்கும் புள்ளி எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ, அந்த நிலைமையின் பங்கு மிகுதி. இந்த ஒரு கணக்கைக் கைக்கொண்டால், நெடுங்காலம் புதிராக இருந்த ஒன்றை நாமே விடுவித்துவிடலாம்.

மணற்செங்கல்லின் புதிர்

19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் டைனாஸ் பகுதியில் சிலிக்காச் செங்கல் செய்யும் தொழில் தோன்றியது. மணற்கல்லைப் பொடித்து, ஏறத்தாழ 2 சதவீதம் சுண்ணாம்பைப் பிணைப்பாகச் சேர்த்துச் சுட்டனர். பிற்காலத்தில் திறந்த கணப்பு எஃகுலைகளின் கூரைகள் இவ்வகைச் செங்கற்களால் வளைத்துக் கட்டப்பட்டன. 1650 டிகிரி அளவிலான வெப்பத்தைத் தாங்கி அவை நின்றன. புதிர் இதுதான்: சிலிக்காவுக்குப் பகையென்று கருதப்படும் சுண்ணாம்பைத் தெரிந்தே சேர்த்தும் செங்கல் உறுதியாக நிற்கிறது. ஆனால் அலுமினா ஒரு சதவீதம் கலந்துவிட்டால் கூரை தளர்ந்து சொட்டத் தொடங்குகிறது. அலுமினாவோ தனியே நின்றால் சிலிக்காவைவிடத் தீயை நன்கு தாங்குவது.

சிலிக்கா, அலுமினா வரைபடத்தை போவனும் கிரெய்க்கும் 1924இல் வெளியிட்டனர். அதில் சிலிக்காவின் பக்கத்து நீர்மக்கோடு 1720 டிகிரியிலிருந்து செங்குத்தாகச் சரிந்து, அலுமினா சில சதவீதம் சேர்ந்த உடனேயே பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. பிற்கால அளவீடுகளின்படி அந்தப் பள்ளம் 1590 டிகிரியை ஒட்டியது. எனவே 1650 டிகிரியில் தோன்றும் நீர்மத்தில் அலுமினா ஏறத்தாழ 4 சதவீதமே இருக்கும். செங்கல்லில் 1 சதவீதம் அலுமினா இருந்தால் துலாக்கோல் கூறும் விடை என்ன? செங்கல்லின் நாலில் ஒரு பங்கு நீர்மமாகிவிடும். அத்தகைய செங்கல் பாரம் தாங்காது.

சுண்ணாம்பின் கதை வேறு. உருகிய சிலிக்காவும் சுண்ணாம்பு செறிந்த உருகிய நீர்மமும் எண்ணெயும் நீரும் போல ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்து நிற்கும் ஒரு பரப்பு உண்டு. உருகிய சிலிக்கேட்டுகளின் இந்த இயல்பை கிரெய்க் 1927இல் விரிவாக விளக்கினார். அந்தப் பரப்பில் நீர்மக்கோடு சரியாமல், ஏறத்தாழ 28 சதவீதச் சுண்ணாம்பு வரை 1700 டிகிரியை ஒட்டியே கிடையாகச் செல்கிறது. ஆகவே 1650 டிகிரியில் நீர்மம் உண்டாக வேண்டுமானால் அதில் ஏறத்தாழ 30 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாக வேண்டும். 1 சதவீதம் சுண்ணாம்புக்குக் கிடைக்கும் நீர்மம் முப்பதில் ஒரு பங்குதான். அளவு ஒன்றே, விளைவோ எட்டு மடங்கு வேறுபடுகிறது. இரும்பு ஆக்சைடும் சிலிக்காவோடு இவ்வாறே கலவாமல் நிற்கும் இயல்புடையது. இரும்புப் புகை படிந்த கூரைகள் தாக்குப்பிடித்ததன் காரணமும் அதுவே.

இந்த அறிவு தொழிலின் போக்கை மாற்றியது. சுண்ணாம்பை அஞ்ச வேண்டியதில்லை, அலுமினாவையும் காரங்களையுமே விலக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. அவ்விரண்டும் சேர்ந்து அரை சதவீதத்துக்கு மேற்படாத சிறப்புச் செங்கற்கள் செய்யப்பட்டன. திறந்த கணப்பு உலைகள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. எனினும் கண்ணாடி உலைகளின் கூரைகளிலும் கற்கரி அடுப்புகளிலும் சிலிக்காச் செங்கற்கள் இன்றும் பணியாற்றி வருகின்றன.

பசித்த கசடும் நிறைந்த கசடும்

எஃகிலிருந்து பாஸ்பரசை நீக்கச் சுண்ணாம்பு மிகுந்த கசடு தேவை. அந்தக் கசடு சிலிக்காச் சுவரைத் தின்றுவிடும். லண்டனில் நீதிமன்ற எழுத்தராகப் பணிபுரிந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ், தம் உறவினர் பெர்சி கில்கிறிஸ்டுடன் இணைந்து 1870களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். சுவரையே சுண்ணாம்பும் மக்னீசியாவும் கலந்த டோலமைட்டால் கட்டிவிட்டால் கசட்டுக்கும் சுவருக்கும் உள்ள பகை தணியும் என்பதே அவ்வழி. கார இயல்புடைய கசட்டுக்குக் கார இயல்புடைய சுவர் என்னும் அந்தப் பொது விதி இன்றும் பொருந்துவதே. ஆனால் 'எவ்வளவு கரையும்?' என்று கேட்டால் அவ்விதி மௌனமாகிவிடும். வரைபடம் அதற்கு எண்ணால் விடை கூறுகிறது.

இனிப்பு நிறைந்த சர்க்கரைப் பாகில் ஒரு கற்கண்டுத் துண்டை இட்டால் அது கரைவதில்லை. பாகு ஏற்கெனவே கொள்ளுமளவு கொண்டுவிட்டது. கசடும் அவ்வாறே. எஃகு ஆக்கும் வெப்பநிலையில், தன் இயைபைப் பொறுத்து, அது ஏறத்தாழ 6 முதல் 10 சதவீதம் மக்னீசியாவைக் கரைத்துக்கொள்ளும். அந்த அளவை நாம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அது சுவரைத் தின்னாது. கொடுக்காவிட்டால் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே சுட்ட டோலமைட்டைக் கசட்டோடு சேர்ப்பது வழக்கமாயிற்று. சுண்ணாம்பு குறைந்த தொடக்கக் கட்டத்தில் கசட்டின் பசி அதிகம் என்பதையும் வரைபடமே காட்டுவதால், டோலமைட்டை முதலிலேயே இடுகின்றனர்.

1990களில் அமெரிக்க ஆலைகள் இதனினும் ஒருபடி முன்னேறின. எஃகை வடித்தபின் உலையில் எஞ்சும் கசட்டை மக்னீசியாவால் நிறைத்து, நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சிச் சுவரெங்கும் தெறிக்க வைத்தனர். அங்கு உறைந்த கசடே அடுத்த உருக்கில் சுவருக்குக் கவசமாயிற்று. சில ஆயிரம் உருக்குகளோடு முடிந்துபோன சுவரின் ஆயுள் பத்தாயிரத்தைக் கடந்தது.

செங்கல்லின் உள்ளே ஒளிந்திருக்கும் மாசுக்களுக்கும் வரைபடத்தில் இடம் உண்டு. மக்னீசியாச் செங்கல்லில் சிறிதளவு சுண்ணாம்பும் சிலிக்காவும் எப்போதும் இருக்கும். எடை விகிதத்தில் சுண்ணாம்பு சிலிக்காவைப்போல் 1.87 மடங்கை எட்டினால், துகள்களுக்கிடையே 2130 டிகிரி வரை உருகாத இருகால்சியம் சிலிக்கேட் உருவாகும். அதற்குக் குறைந்தால் 1500, 1600 டிகிரியிலேயே இளகிவிடும் சேர்மங்கள் தோன்றும். சுண்ணாம்பு அறவே அருகிப்போனாலோ, 1890 டிகிரியில் உருகும் ஃபார்ஸ்டெரைட் தோன்றி நிலைமை மறுபடி சீராகும். இரு கோடிகளும் நலம், இடைப்பட்ட பகுதியே இடர். சேலத்துக் கரடுகளில் வெட்டியெடுக்கப்படும் மக்னசைட் எனும் வெள்ளைக்கல்லிலும் மணற்சத்து கலந்து வருவதால், இந்த விகிதம் தமிழகத் தொழிலுக்கும் புறம்பானதன்று.

வரைபடம் சொல்லாதவை

பயன்படுத்திக் கழித்த செங்கல்லை வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தால், வரைபடத்தின் வரிசையே அதில் படலம் படலமாகப் படிந்திருக்கக் காணலாம். சுண்ணாம்புக் கசடு தாக்கிய அலுமினாச் செங்கல்லில், உள்ளே மாறாத அலுமினா, அதன்மேல் கால்சியம் ஹெக்சாலுமினேட், அதற்கப்பால் சுண்ணாம்பு மேலும் மிகுந்த அலுமினேட், இறுதியில் உருகிய கசடு என்ற ஒழுங்கு தெரியும். 1800 டிகிரியைக் கடந்தும் திண்மமாக நிற்கும் அந்த ஹெக்சாலுமினேட் படலம் இடையே அடர்ந்து நின்றால் அரிமானத்தின் வேகம் தணிகிறது. நோயுற்ற கல்லின் வரலாற்றைக் கல்லே எழுதிவைத்திருக்கிறது. அதை வாசிக்கும் அகராதியாக வரைபடம் உதவுகிறது.

எனினும் அதன் எல்லையை நாம் மறந்துவிடலாகாது. நிலைமை வரைபடம் சமநிலையின் சித்திரம். பயணம் எங்கே சென்று முடியும் என்பதை அது கூறும். எத்தனை நாளில் முடியும் என்பதைக் கூறாது. கசட்டின் இளக்கம், அது சுழலும் வேகம், செங்கல்லின் நுண்துளைகள், கசடு கல்லை நனைக்கிறதா என்பன போன்றவையே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. மக்னீசியாவோடு கிராஃபைட் சேர்த்துச் செய்யும் இன்றைய செங்கற்களின் வலிமை, கிராஃபைட்டைக் கசடு நனைக்காது என்பதில் அடங்கியிருக்கிறது. ஆக்சைடுகளை மட்டும் வரைந்த பழைய படங்களில் இதற்கு இடமில்லை. ஆக்சிஜனின் அளவையும் ஓர் அச்சாகக் கொண்ட வேறு வரைபடங்கள் இதற்கு வேண்டும்.

மேலும், மெய்யான கசட்டில் ஆறேழு ஆக்சைடுகள் உள்ளன. அவற்றைத் தாளில் வரைந்து காட்ட இயலாது. ஆதலால் ஒவ்வொரு நிலைமையின் ஆற்றலையும் கணக்கிட்டுச் சமநிலையைத் தேடும் முறை 1970களிலிருந்து வளர்ந்தது. 2001இல் வெளிவந்த ஃபேக்ட்சேஜ் போன்ற கணினி நிரல்கள் பல ஆக்சைடுக் கலவைகளையும் விரைவில் கணித்துவிடுகின்றன. ஆயினும் அவற்றின் அடியில் இருப்பவை, பிளாட்டினப் பொதியைச் சுட்டுக் குளிர்வித்து நுண்ணோக்கியில் பார்த்த பழைய அளவீடுகளே.

கணினி முன் அமர்ந்திருக்கும் பொறியாளரும், கொப்பரைச் சுவரின் கனத்தை ஒவ்வொரு முறையும் நோக்கி 'இன்னும் ஓர் உருக்குத் தாங்குமா?' என்று முடிவு செய்யும் தொழிலாளரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். இந்தக் கல், இந்தக் கசட்டோடு, இந்த வெப்பத்தில், எவ்வளவு கரையும்? எவ்வளவு என்பதற்கு வரைபடம் விடை சொல்லும். எவ்வளவு விரைவில் என்பதற்கு விடை காண, சுவரை அருகிருந்து பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அதன் விலையைக் கொடுப்பவர் சுவருக்கு வெளியே நிற்பவரே.